வலையா, துணியா, கட்டை வைத்ததா? தூங்குவதற்கு ஏற்ற தொங்கு படுக்கை எது?

ஹம்மாக் எனப்படும் தொங்கு படுக்கை என்றதும் பலருக்கு நினைவில் வருவது, இரு முனையிலும் மரக்கட்டை வைத்து அகல விரித்துக் கட்டிய கயிற்று வலைதான். கடற்கரை விடுதிகளின் விளம்பரப் படங்களில் இரண்டு தென்னைகளுக்கு நடுவே தொங்குவதும் அதுவே. பார்க்க அழகாக இருக்கும், ஒரு மணி நேரம் சாய்ந்து கிடக்கலாம். தூங்குவதற்காக வாங்குகிறவர்கள் மட்டும் அதன் பக்கமே போக வேண்டாம்.

இந்தப் படுக்கையை உருவாக்கியவர்கள் அமெரிக்கக் கண்டத்தின் பூர்வகுடிகள். 1492-இல் பஹாமாஸ் தீவுகளில் இறங்கிய கொலம்பஸ், அங்குள்ளவர்கள் பருத்தி வலைகளில் உறங்குவதைக் குறித்துவைத்தார். 1500-இல் பிரேசில் கரையை அடைந்த போர்ச்சுகீசியர்களும் இதையே கண்டார்கள். வீட்டுத் தூண்களில் உயரக் கட்டிய வலைகள், குளிர் காய அவற்றின் அடியில் மூட்டிய தீ என்று அவர்களோடு கப்பலில் வந்த பெரோ வாஸ் டி கமீன்யா மன்னருக்கு எழுதிய கடிதம் சொல்கிறது. ஈரத் தரையிலிருந்தும் ஊர்வனவற்றிலிருந்தும் உடலை உயர்த்தி வைக்கும் ஏற்பாடு அது.

கட்டை வைத்த கயிற்று வகை மிகவும் பிந்தியது. 1889 வாக்கில் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆற்றுப் படகு ஓட்டிய ஜோஷுவா ஜான் வார்டு, வெக்கையில் மெத்தையில் படுக்க முடியாமல் கயிற்றில் பின்னிக்கொண்ட படுக்கையே அங்குள்ள பாலிஸ் தீவின் பெயரால் புகழ்பெற்றது. காற்றோட்டத்தில் அதற்குக் குறை இல்லை. சிக்கல் கட்டையில் இருக்கிறது. படுக்கை தட்டையாக இழுபட்டு நிற்பதால் உடல் அதன் உள்ளே அமிழ்வதில்லை, மேலேயே கிடக்கிறது. தூக்கத்தில் ஓரமாகப் புரண்டால் ஆளைக் கவிழ்த்துவிடும்.

இன்னொரு சிக்கல் கண்ணுக்குத் தெரியாதது. இதை விறைப்பாகக் கட்டியாக வேண்டும். 70 கிலோ எடையுள்ளவர் படுக்கும்போது கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிந்திருந்தால், ஒவ்வொரு முனையிலும் இழுவிசை ஏறத்தாழ அதே 70 கிலோ. சரிவு 10 டிகிரியாகக் குறைந்தால் அது 200 கிலோவாகிவிடும். சுவரில் அடித்த கொக்கி பிடுங்கிக்கொண்டு வருவதற்கு இதுவே காரணம்; வீட்டில் மாட்டுகிறவர்கள் செங்கல் சுவரை நம்பாமல் தூணையோ உத்தரத்தையோ தேடுவது நல்லது.

உண்மையான போட்டி மெக்சிகோவின் யுகாத்தான் வலைக்கும் பிரேசிலின் துணிப் படுக்கைக்கும் இடையில்தான்.

யுகாத்தானில் வலையே அன்றாடக் கட்டில். சிமென்ட் வீடுகளின் சுவரிலும் கொக்கிகள் பதித்தே கட்டுகிறார்கள். மெரிடாவுக்கு அருகிலுள்ள டிஷ்கோகோப் ஊர் இந்த நெசவுக்குப் பெயர்போனது. நெய்த பகுதியில் முடிச்சே இருக்காது. மெல்லிய நூல்கள் ஒன்றையொன்று கடந்து பின்னியிருப்பதால், உடலின் எந்த வளைவுக்கும் வலை தானாக விரிந்து கொடுக்கும். நடுவில் உட்கார்ந்து, பின்பக்கம் வலையை விரித்துவிட்டு, கால்களைத் தூக்கிக் குறுக்குவாட்டில் படுக்க வேண்டும். நேராகப் படுத்தால் முதுகு வாழைப்பழம்போல் வளையும். குறுக்கே படுத்தால் ஏறக்குறைய சமதளம் கிடைக்கும். புழுக்கமான இரவுக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் சட்டைப் பித்தான், கொலுசு, மெட்டி எல்லாம் நூலில் மாட்டும். ஓர் இழை அறுந்தால் உடனே சரிசெய்துவிட வேண்டும்.

பிரேசிலின் வடகிழக்கில் கெட்டித் துணியில் நெய்து, இரு ஓரங்களிலும் பின்னல் குஞ்சம் தொங்க விடுகிறார்கள். மனாவுஸ், பெலெம் நகரங்களுக்கு இடையே அமேசானில் செல்லும் படகுகளில் பயணிகள் தங்கள் படுக்கையைத் தாங்களே கொண்டுவந்து, மேல்தளத்தில் வரிசையாக மாட்டிக்கொண்டு பயணம் செய்வார்கள். துணி எதிலும் சிக்காது, துவைப்பது எளிது, விடியற்காலைக் குளிருக்கு ஓரத்தை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம். நம் தூளியும் இந்த இனம்தான். கோடையில் மட்டும் முதுகு வியர்க்கும்.

பாராசூட் நைலான் வகை மலையேறுகிறவர்களுக்கு உரியது. எடை குறைவு, சுருட்டினால் பைக்குள் அடங்கிவிடும். கொடைக்கானல் மாதிரி இடங்களில் காற்று அடியிலிருந்து குளிரை ஏற்றும். உடலின் எடையில் நசுங்கிய கம்பளி அதைத் தடுக்காது, படுக்கைக்கு வெளியே அடியில் தனி விரிப்பு கட்ட வேண்டும். வீட்டில் அந்த வழுவழுப்பு எனக்குப் பிடிப்பதில்லை.

சென்னை, மதுரை வெயிலில் இரவு முழுவதும் தூங்க என் தேர்வு யுகாத்தான் வகைப் பருத்தி வலை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தாலோ, பகல் உறக்கத்துக்கு மட்டும் என்றாலோ பிரேசில் துணி. எதை வாங்கினாலும் ஒருவர் நன்றாக நீட்டிப் படுக்கும் அளவுக்கு அகலமானதாகப் பார்க்க வேண்டும். அகலம் குறைந்தால் குறுக்கே படுக்க முடியாது. உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் பதியும் உயரத்தில் மாட்டினால், மூட்டுவலி உள்ளவர்களும் எழுந்துகொள்வது எளிது.