எம்சிஜியில் முதல் ஃபுட்டி: கம்பத்துக்குப் பின்னால் டிக்கெட் எடுங்கள்

மாமாவுக்கு மெல்போர்னில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: எம்சிஜி, அதாவது மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம். 1877இல் முதல் டெஸ்ட் நடந்த மைதானம், 2022இல் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோலி அவுட்டாகாமல் 82 அடித்த மைதானம். ஆனால் அவர் ஊரிலிருந்து வந்தது ஜூலையில். குளிர்காலத்தில் அந்த இடம் ஃபுட்டி என்கிற ஆஸ்திரேலியக் கால்பந்துக்காரர்கள் கையில். மைதானத்தையாவது பார்க்கட்டும் என்று சனிக்கிழமை மதியம் ரிச்மண்ட், காலிங்வுட் அணிகள் மோதும் ஆட்டத்துக்கு ஐந்து டிக்கெட் எடுத்தோம்.

என் மகனும் ஒரு காரணம். இங்கே பள்ளியில் சேர்ந்த முதல் வாரமே "நீ யாருக்கு பேரக் பண்றே?" என்று கேட்டார்களாம். எந்த அணிக்குக் கத்துவாய் என்று அர்த்தம். பக்கத்தில் உட்காரும் பையன் ரிச்மண்ட் என்றதால் இவனும் ரிச்மண்ட். ஒரு ஆட்டம்கூட நேரில் பார்க்காமல் எட்டு மாதமாக விசுவாசி.

க்ளென் வேவர்லி ரயிலில் ரிச்மண்ட் ஸ்டேஷனில் இறங்கி, கூட்டம் போகிற பக்கமே போனால் மைதானம். சாப்பாடு கொண்டுபோகலாம், கண்ணாடி பாட்டிலும் கேனும் கூடாது. புளியோதரை எடுத்துப்போனோம். பிள்ளைகள் அதைத் தொடாமல் சாஸ் ஊற்றிய மீட் பை கேட்டார்கள். அது தனிக் கதை.

உள்ளே போனதும் மாமா தேடியது பிட்ச்சை. காணோம். இங்கே பிட்ச்சை வேறு இடத்தில் வளர்த்துக் கொண்டுவந்து பதிக்கிறார்கள், ஃபுட்டி சீசனில் முழுக்கப் புல்தான் என்று என் கணவர் விளக்கினார். மாமா முகம் விழுந்துவிட்டது.

நடுப்பக்கத்தில் இடம் கிடைக்காததால்தான் கோல் கம்பங்களுக்குப் பின்னால் கீழ்த்தளத்தில் எடுத்தோம். நல்லவேளை. இந்த ஆட்டம் முதல் தடவையிலேயே புரியாது. ஒரு பக்கம் 18 பேர், ஆஃப்சைடு கிடையாது, பந்து எந்தப் பக்கம் துள்ளும் என்று பந்துக்கே தெரியாது. உதைக்கலாம், ஒரு கையில் வைத்து மறு கை முஷ்டியால் குத்தி அனுப்பலாம், எறியக் கூடாது. பந்தோடு மாட்டிக்கொண்டவன் அதை விடாமல் வைத்திருந்தால் மொத்தக் கூட்டமும் நடுவரைப் பார்த்து "பா...ல்!" என்று கத்துகிறது. என் ஐந்து வயது மகள் இதை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் கத்தினாள்.

ஆனால் கம்பத்தடியில் எல்லாம் தெளிவு. மொத்தம் நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்கும் இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் போனால் 'பிஹைண்ட்', 1 புள்ளி. "குறி தப்பினதுக்கும் ஒரு மார்க்கா? எங்க இங்கிலீஷ் வாத்தியார் இந்த ஊர்க்காரரா இருந்திருக்கலாம்" என்றார் மாமா.

அப்புறம்தான் அவர் கொடியைப் பார்த்தார். கோல் விழுந்தால் அங்கே நிற்கும் கோல் நடுவர் இரண்டு கொடியை வீசுகிறார். பிஹைண்ட் என்றால் ஒன்று. எதிர்முனை நடுவரும் பதிலுக்குக் கொடி காட்டுகிறார், இருவர் கணக்கும் ஒத்துப்போக வேண்டுமே. மாமா மதுரை ரயில்வே கோட்டத்தில் 31 வருடம் கார்டாக இருந்து கொடி காட்டியவர். "ஏம்மா, இவன் ஆல்ரைட் காட்டுறான்!" என்று, ரயிலில் 'எல்லாம் சரி' என்று காட்டும் கொடியை நினைத்து எழுந்தவர் கடைசி வரை சரியாக உட்காரவே இல்லை. ஆட்டக்காரர்களை அவர் பார்த்த மாதிரித் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் எதிர்முனையில் பதில் கொடி வந்ததா என்றுதான் பார்த்தார். மூன்றாவது பகுதிக்குள் ஸ்கோர் பலகையில் 11.8 (11 கோல், 8 பிஹைண்ட்) என்று வந்தால் 74 என்று எங்களுக்கு முன்னால் சொல்லிவிடுவார்.

இங்கே இரு அணி ரசிகர்களும் கலந்துதான் உட்காருகிறார்கள். பக்கத்து இருக்கையில் கறுப்பு வெள்ளை ஸ்கார்ஃப் போட்ட காலிங்வுட் பாட்டி. 15 மீட்டராவது உதைபட்டு வரும் பந்தை யார் மீதாவது ஏறியாவது சுத்தமாகப் பிடித்தால் அது 'மார்க்', அதன்பின் தடையில்லாமல் உதைக்கலாம் என்று ரிச்மண்ட் ஸ்கார்ஃப் போட்ட என் மகனுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ரிச்மண்ட் தவறவிட்டபோதெல்லாம் வாய்விட்டுச் சிரிக்கவும் சிரித்தார். பிறகு தன் போர்வையில் பாதியை என் மகள் மேல் போட்டார்.

போர்வை எடுத்துப்போகாதது என் தப்பு. வெயில் இருந்தும் காற்று எலும்புக்குள் போனது. மாமாவின் குரங்குக் குல்லாயை வீட்டில் கிண்டல் செய்த நான், இரண்டாவது பகுதியிலேயே அதைப் பொறாமையோடு பார்த்தேன். இன்னொன்று, நேரம். 20 நிமிடம் வீதம் நான்கு பகுதி என்கிறார்கள். பந்து நிற்கும்போது கடிகாரமும் நிற்பதால் ஒவ்வொன்றும் அரை மணியை நெருங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதிகம்தான். மகள் கடைசிப் பகுதி முழுக்கத் தூக்கம்.

ரிச்மண்ட் தோற்றது. மகன் ரயிலில் பேசவில்லை. மறுநாள் காலை மாமா மதுரையில் இருக்கும் தன் பழைய டிரைவர் நண்பருக்குப் போன் போட்டார். முதல் டெஸ்ட் நடந்த மைதானம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "இங்க ஒரு ஆட்டம்யா, ரெண்டு முனையிலயும் கார்டு நிக்கிறான்" என்று ஆரம்பித்தார்.