மீட்டருக்கு வெளிய இருந்து பவர் குடுத்து மூணு வருஷம் ஆச்சு

9 வோல்ட் பேட்டரி மேல எனக்கு இருக்குற கடுப்பு ரொம்ப பழசு. என் மேசையில ரெண்டு மல்டிமீட்டர், காயில், கெப்பாசிட்டர், ரெசிஸ்டர் அளக்குற ஒரு எல்சிஆர் மீட்டர், சொருகின பார்ட் என்னன்னு கண்டுபிடிச்சு சொல்ற ஒரு காம்போனென்ட் டெஸ்டர் இருக்கு, நாலும் அதே பேட்டரியைத்தான் தின்னும், அதுவும் கரெக்டா ஒரு போர்டை பிரிச்சு போட்டு உக்காந்த நேரத்துலதான் ஸ்கிரீன்ல பேட்டரி படம் வரும். சரி, வெளிய இருந்து ஒரு சப்ளை செஞ்சு குடுத்துரலாம்னு ஆரம்பிச்சேன். ஒரு சாயங்கால வேலைன்னு நினைச்சது, மூணு தடவை மாத்தி செஞ்சு, நடுவுல ஒரு மீட்டரை சாகடிச்சு, இப்பத்தான் ஒரு நிலைக்கு வந்திருக்கு.

முதல்ல கணக்கை சொல்லிடுறேன், நான் இதை கடைசியாத்தான் போட்டேன், அதான் தப்பு. சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர், அளந்து ஸ்கிரீன்ல நம்பரா காட்டுற அந்த ஐசிஎல் 7106 வகை சிப் இருக்குறது, மொத்தமா ஒண்ணு ரெண்டு மில்லி ஆம்ப்தான் இழுக்கும். அல்கலைன் 9 வோல்ட்ல சுமாரா 500 மில்லி ஆம்ப் அவர் இருக்கு, அப்போ நூத்துக்கணக்கான மணி நேரம் ஓடும். ஆஃப் பண்ண மறக்காத ஆளுன்னா இந்த வேலையே தேவையில்ல. காம்போனென்ட் டெஸ்டர் அப்படி இல்ல, என்னோடது 25 மில்லி ஆம்ப் கிட்ட இழுக்குது, 20 மணி நேரத்துல பேட்டரி காலி. நிஜமா தொல்லை குடுத்தது அது ஒண்ணுதான், நான் என்னமோ நாலுக்கும் சேத்து திட்டம் போட்டேன்.

முதல் முயற்சி ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர். மேல 9 வோல்ட்னு எழுதியிருக்கு, லோடு இல்லாம அளந்தா 13-க்கு மேல காட்டுது. 7106-க்கு தாங்குற எல்லையே 15 வோல்ட்தான், மெயின்ஸ் கொஞ்சம் ஏறினா போச்சு. அதை ஓரமா வச்சுட்டு சின்ன ஸ்விட்சிங் அடாப்டர் போட்டேன், வோல்ட்டேஜ் கரெக்டா இருந்துச்சு, ஆனா புரோப் ரெண்டையும் சும்மா விட்டாலே ஏசி ரேஞ்சுல நம்பர் ஆடுது. உள்ள பிரைமரிக்கும் (மெயின்ஸ் பக்கம்) செகண்டரிக்கும் (அவுட்புட் பக்கம்) நடுவுல ஒரு ஒய் கெப்பாசிட்டர் இருக்குமே, அதோட வேலை. அவுட்புட் மைனஸுக்கும் எர்த்துக்கும் இடையில இன்னொரு மீட்டரை வச்சு பாத்தா மெயின்ஸ்ல பாதிக்கு கிட்ட காட்டும். கரண்ட் ரொம்ப கம்மிதான், விரல்ல லேசா சுர்ருங்கும், அவ்வளவுதான், ஆனா அளக்குற கருவியே இப்படி மிதந்துக்கிட்டு இருந்தா என்னத்த அளக்குறது.

இதை விட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. பேட்டரி மட்டும் இருக்கும்போது மீட்டருக்கு வெளி உலகத்தோட தொடர்பே கிடையாது, புரோப் வழியா மட்டும்தான். அதனாலதான் அதை எங்க வேணா குத்த முடியுது. அடாப்டர் வயரை சொருகிட்டு மெயின்ஸ் லைன்ல புரோப் வச்சீங்கன்னா, COM (கருப்பு புரோப் சொருகுற பொது முனை) எங்க இருக்கோ அங்கதான் அந்த அடாப்டர் வயரும் கிட்டத்தட்ட இருக்கும். மீட்டர் மேல எழுதியிருக்குற கேட்டகிரி ரேட்டிங்குக்கெல்லாம் (எந்த மாதிரி லைன்ல பாதுகாப்பா அளக்கலாம்ங்குற குறி) அப்புறம் அர்த்தமே இல்ல. வெளி சப்ளை மாட்டியிருக்குறப்போ மெயின்ஸ் பக்கம் போகவே மாட்டேன், எதுல செஞ்ச சப்ளையா இருந்தாலும் சரி.

ரெண்டாவது வெர்ஷன்ல எல்லாரும் செய்யுறதைத்தான் செஞ்சேன். ஒரு 18650 லித்தியம் செல், டிபி 4056 சார்ஜிங் போர்டு, வோல்ட்டேஜை ஏத்திக் குடுக்குற எம்டி 3608 பூஸ்ட் போர்டு, எல்லாம் ஒரு சின்ன டப்பாக்குள்ள. பூஸ்ட் போர்டுல வோல்ட்டேஜ் செட் பண்ற திருகு, அந்த பிரீசெட்டை பல சுத்து சுத்துற வரைக்கும் ஒண்ணுமே மாறாது, போர்டு போச்சுன்னு நினைச்சு விட்டுடாதீங்க, திடீர்னு வோல்ட்டேஜ் இறங்க ஆரம்பிக்கும். 28 வோல்ட் வரைக்கும் போற போர்டு அது, 9-க்கு செட் பண்ணிட்டுத்தான் மீட்டர்ல மாட்டணும். செல்லுல 2500 மில்லி ஆம்ப் அவர்னு இருக்கும், 9 வோல்ட்டா ஏத்துனா கையில வர்றது 900-க்கும் கம்மி.

மீட்டரை கொன்ன கதை இங்கதான். டப்பால இருந்து மீட்டருக்கு போற வயர் முனையில ஒரு சாதா பேட்டரி கிளிப்பை வச்சேன். கிளிப்பும் கிளிப்பும் அழகா டக்குனு ஒட்டிக்கும், சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ்னு சால்டர் பண்ணிட்டேன். யோசிச்சு பாருங்க, பேட்டரியில சின்ன குமிழ் பிளஸ், அதுல மாட்டுற கிளிப்புல பெரிய வாய்தான் பிளஸ். அதே கிளிப்பை இன்னொரு கிளிப்புல மாட்டுனா பெரிய வாய் போய் எதிர்ல இருக்குற சின்ன குமிழ் மேல உக்காரும், அந்த கிளிப்புல சின்னது மைனஸ். அதாவது நிறத்தை நம்பி ஒட்டுனா அப்படியே தலைகீழ். என்னோட சின்ன மீட்டர்ல ரிவர்ஸுக்கு டயோடும் இல்ல ஒண்ணும் இல்ல, ஸ்கிரீன்ல ஒரு கோடு கூட வராம போயிடுச்சு. இப்பல்லாம் செத்த பேட்டரியை பிரிச்சு அதோட மேல் தகடை எடுத்துத்தான் பிளக்கா போடுறேன், அது பேட்டரி மாதிரியேதான் இருக்கும், சின்னது பிளஸ், குழப்பமே இல்ல.

மிச்சம் இருந்த மீட்டர்ல பூஸ்ட் போர்டு சப்ளையை போட்டா மில்லிவோல்ட் ரேஞ்சுல கடைசி ரெண்டு டிஜிட் டான்ஸ். பூஸ்ட் போர்டு சிப் நார்மலா 1.2 மெகா ஹெர்ட்ஸ்ல ஓடும், ஆனா ரெண்டு மில்லி ஆம்ப் மாதிரி கம்மி லோடுல விட்டு விட்டு சுவிட்ச் பண்ணும், அந்த ரிப்பிள் (சப்ளை வோல்ட்டேஜ்ல வர்ற ஆட்டம்) கீழ் ஃப்ரீக்வென்சிக்கு இறங்கிடும், சின்ன கெப்பாசிட்டருக்கு அடங்காது. 47 ஓம் ரெசிஸ்டரை சீரிஸ்ல போட்டு பின்னாடி 470 மைக்ரோஃபாரட் வச்சதும் நிறைய அடங்குச்சு, முழுசா இல்ல. 78எல்09-ங்குற 9 வோல்ட் ரெகுலேட்டர் போடலாமேன்னு தோணும், அது தனக்காகவே சில மில்லி ஆம்ப் தின்னும், மீட்டரை விட காவல்காரனுக்கு சாப்பாடு ஜாஸ்தி.

இன்னொரு கூத்து, ஒரே டப்பால இருந்து ரெண்டு மீட்டருக்கு பவர் எடுத்தது. ஒண்ணு வோல்ட்டேஜுக்கு, COM கிரவுண்ட்ல. இன்னொண்ணு 12 வோல்ட் பிளஸ் லைன்ல கரண்ட்டுக்கு. ரெண்டும் கண்டபடி காட்டுச்சு, உடனே பிடுங்கிட்டேன். 7106-ல COM பேட்டரி மைனஸ் கிடையாது, பிளஸ்ல இருந்து சுமார் 2.8 வோல்ட் கீழ உக்காந்திருக்கும். ரெண்டு மீட்டருக்கும் பிளஸ் ஒண்ணுன்னா COM-உம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், நான் அதுங்களுக்கு நடுவுல 12 வோல்ட்டை வச்சு இழுத்திருக்கேன். அதே காரணத்தாலதான் மீட்டரால தனக்கு வர்ற சப்ளையையே ஒழுங்கா அளக்கவும் முடியாது. உள்ள வர்ற பக்கத்துக்கும் வெளிய போற பக்கத்துக்கும் நேரடி தொடர்பு இல்லாத ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் போட்டா இது தீரும், ஆனா அந்த சின்ன 1 வாட் மாடியூல்கள்ல லோடு கம்மியா இருந்தா வோல்ட்டேஜ் ஏறிடும், நாய்ஸும் உண்டு.

மூணாவது வெர்ஷன் சொல்லவே வெக்கமா இருக்கு. ஆறு ஏஏ செல் வைக்குற ஹோல்டர், ஒரு ஸ்விட்ச், ஒரு 100 மில்லி ஆம்ப் ஃபியூஸ், அவ்வளவுதான். 9 வோல்ட், 2000 மில்லி ஆம்ப் அவருக்கு மேல, நாய்ஸ் சுத்தமா இல்ல. பெஞ்ச்ல நிக்குற மல்டிமீட்டர் ஒண்ணரை வருஷமா இதுலதான் ஓடுது, செல் ஒரு தடவைதான் மாத்துனேன். லீக் ஆனாலும் ஹோல்டர்தான் போகும், மீட்டர் போர்டு தப்பிச்சுடும். எதை வச்சாலும் உள்ள இருக்குற பேட்டரியை கழட்டிடுங்க, இல்லன்னா பிளக் சொருகினதும் உள்பேட்டரியை துண்டிக்குற மூணு கால் சாக்கெட் போடுங்க, வெளி சப்ளை அதை சார்ஜ் பண்ண பாத்தா லீக் நிச்சயம்.

18650 டப்பாவை தூக்கிப் போடல, அது காம்போனென்ட் டெஸ்டருக்கு போயிடுச்சு, அங்க நாய்ஸ் பெருசா தெரியல, வாரக்கணக்குல ஓடுது. ஒரே குறை, பேட்டரி படம் காட்டாது, 9 வோல்ட் 9 வோல்ட்டாவே இருந்துட்டு ஒரு நொடியில செத்துடும். பேட்டரி மெல்ல இறங்குறதும் நல்லதில்லதான், 7 வோல்ட்டுக்கு கீழ போனதும் மீட்டர் ஒப்பிட்டு அளக்குற ரெஃபரன்ஸ் வோல்ட்டேஜ் சரிஞ்சு 5 வோல்ட்டை 5.2-ன்னு காட்டி ஒரு ராத்திரி முழுக்க நல்ல ரெகுலேட்டரை சந்தேகப்பட வச்சிருக்கு.

எல்சிஆர் மீட்டர்தான் பாக்கி. அதுல சைடுல அடாப்டர் சாக்கெட் ஏற்கனவே இருக்கு, நடு பின் பிளஸா மைனஸான்னு எங்கயும் எழுதல, மூடியை கழட்டி டிராக்கை பாக்காம இந்த தடவை கை வைக்கப் போறதில்ல.