பேய்மிரட்டி: ஒரே பெயரில் இரண்டு செடிகள்

ஐப்பசி மழை ஓய்ந்த பிறகு நாகமலை அடிவாரத்தில் நடந்தால், ஊதாப் பூக்களோடு இடுப்பளவு உயர்ந்து நிற்கும் பேய்மிரட்டியைக் காணலாம். அப்பெயரால் நாம் அழைப்பது ஒரு செடியை அன்று. துளசிக் குடும்பத்தில் உடன்பிறந்தவை போன்ற இரண்டை. தாவரவியலில் ஒன்று அனிசோமெலிஸ் மலபாரிகா, மற்றது அனிசோமெலிஸ் இண்டிகா. முன்னதைப் பெருந்தும்பை, இரட்டைப் பேய்மிரட்டி, வெதுப்படக்கி என்றெல்லாம் சொல்வர். பின்னதை ஒற்றைப் பேய்மிரட்டி என்று பிரித்துச் சொல்வோரும் உண்டு.

சதுரத் தண்டு, எதிரெதிர் இலை, கசக்கினால் எழும் காரமான மணம் ஆகியவை இரண்டுக்கும் பொது என்பதால், அவற்றை வைத்து அடையாளம் காண முயல்வது வீண். இலையைத் தொட்டுப் பார்ப்பதே சரியான வழி. மலபாரிகாவின் இலை நீண்டு, தடித்து, வெண்ணிற மயிர் அடர்ந்து, கம்பளியைத் தடவுவது போலிருக்கும். இண்டிகாவின் இலையோ அகன்று, மெலிந்து, நல்ல பச்சையாக இருக்கும். பூக்கள் முன்னதில் கிளை நுனியில் நெருங்கிய கதிராகவும், பின்னதில் பெரும்பாலும் இலைக்கக்கங்களில், அதாவது இலை தண்டோடு சேரும் இடங்களில், வட்டவட்டமாகவும் அமைகின்றன.

பேய்மிரட்டி இலையை விளக்குத் திரியாக எரிப்பதுண்டு. அதற்கு இரண்டில் எது ஏற்றது என்று கேட்டால், தயங்காமல் மலபாரிகாவையே சொல்வேன். அதன் பச்சை இலை ஒன்றைத் திரியாக முறுக்கி, அகலில் நல்லெண்ணெய் விட்டு நனைத்து, நுனியில் நெருப்பு வைத்தால், முதலில் சற்றே படபடத்து, பின் பஞ்சுத்திரி போலவே நின்று எரிகிறது. இலையின் மயிரடர்த்தி எண்ணெயை நன்றாகப் பற்றிக்கொள்வதே காரணம் எனக் கருதுகிறேன். மெலிந்த இலையில் இந்த நிதானம் எனக்குக் கிடைத்ததில்லை.

மருந்து என்று வரும்போது கூடுதல் கவனம் தேவை. வெதுப்பு என்றால் காய்ச்சல். அதை அடக்குவதால் வெதுப்படக்கி என்ற பெயரே மலபாரிகாவின் பழைய பயன்பாட்டைச் சொல்லிவிடுகிறது. குழந்தைகளின் மாந்தம் எனும் செரிமானக் கோளாறுக்கும் இதன் கஷாயத்தைக் கொடுத்து வந்துள்ளனர். ஆயினும் பச்சிளங்குழந்தைக்கு மருத்துவரைக் கேளாமல் எதையும் புகட்டக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. நாட்டுமருந்துக் கடையில் வாங்குவோர், நொறுங்கிய சருகில் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், இலையும் தண்டும் முழுதாக உள்ள செடிக்கட்டாகவே கேட்டு வாங்க வேண்டும்.