ஊசியா, மாத்திரையா: அடோபிக் கரப்பானுக்கு இரு மருந்துகள்

களிம்புகளுக்குக் கட்டுப்படாத அடோபிக் கரப்பானுக்கு (தோல் சிவந்து கடுமையாக அரிக்கும் நாள்பட்ட நோய்) அமெரிக்காவில் 2017இல் டூபிலுமாப் ஊசியும், 2022இல் உபடாசிடினிப் மாத்திரையும் ஒப்புதல் பெற்றன.

டூபிலுமாப், இன்டர்லூக்கின் 4, 13 ஆகிய இரு அழற்சித் தூதுப் புரதங்களும் செல்லுக்குச் செய்தி சொல்லும் பொதுவான ஏற்பியை மட்டும் அடைக்கிறது. உபடாசிடினிப் செல்லுக்குள் நுழைந்து அத்தகைய செய்திகளை உள்ளே கடத்தும் ஜேஏகே1 நொதியைத் தடுப்பதால், அரிப்பைத் தூண்டும் இன்டர்லூக்கின் 31 உட்படப் பல செய்திகள் ஒரே வேளையில் மங்குகின்றன. அதன் வேகமும் ஆபத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்தி, 692 பெரியவர்களிடம் நடந்த 'ஹெட்ஸ் அப்' ஆய்வின் முடிவுகள் 2021இல் வெளியாயின. தோல் பாதிப்பு 75 சதவீதமாவது குறைந்தவர்கள், 16ஆம் வாரத்தில் மாத்திரைக் குழுவில் 71 சதவீதம், ஊசிக் குழுவில் 61 சதவீதம். அரிப்பு தணிவதிலோ முதல் வாரத்திலேயே மாத்திரை முந்தியது. இரவெல்லாம் சொறிந்து தூக்கமிழப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல. ஆனால் 24ஆம் வாரத்தில் இடைவெளி சுருங்கியதை விளம்பரங்கள் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஊசியைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து முக்கால் மணி நேரம் வெளியே வைத்து, இரு வாரங்களுக்கு ஒருமுறை தொடையிலோ வயிற்றிலோ போட்டுக்கொள்ள வேண்டும். கண் சிவந்து உறுத்துவது அதன் பரவலான தொல்லை. மாத்திரைக்கோ முன்கூட்டியே காசநோய்ப் பரிசோதனையும், தொடர்ந்து இரத்தப் பரிசோதனைகளும் தேவை. கடும் தொற்று, இரத்தக்கட்டு, இதயநோய், புற்றுநோய் பற்றிய கட்டமிட்ட எச்சரிக்கையும் (அமெரிக்க மருந்துக் குறிப்புகளில் மிகக் கடுமையான எச்சரிக்கை) அதற்கு உண்டு. ஆகவே புகைபிடிக்கும் முதியவருக்கு ஊசியே ஏற்றது என்பது என் கருத்து. கருவுற்றிருப்பவர்கள் மாத்திரையைத் தவிர்க்க வேண்டும். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கரப்பானுக்கு இவ்விரண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றிருப்பது ஊசி மட்டுமே.