உயிர் வராத டெஸ்க்டாப்: பேப்பர் கிளிப்பா, மல்டிமீட்டரா, மாற்று எஸ்எம்பிஎஸ்ஸா?

சுவரில் உள்ள பிளக் பாயின்ட்டில் மின்சாரம் வருகிறது, பவர் கேபிள் சரியாக இருக்கிறது, கேபினட்டின் பின்பக்கச் சுவிட்சும் போடப்பட்டிருக்கிறது. ஆனாலும் பவர் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. இந்த நிலையில் கோளாறைக் கண்டறிய மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன: பேப்பர் கிளிப் சோதனை, வோல்ட்டேஜை அளக்கும் கருவியான மல்டிமீட்டரால் அளப்பது, வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை (கணினிக்குள் மின்சாரம் வழங்கும் பெட்டி) மாட்டிப் பார்ப்பது. மூன்றையும் பலமுறை செய்து பார்த்தவன் என்ற முறையில், வீட்டில் சோதிப்பவருக்கு மல்டிமீட்டரே முதல் கருவி என்று உறுதியாகச் சொல்வேன்.

பேப்பர் கிளிப் சோதனைக்குச் செலவே இல்லை. கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலிருந்து கழற்றிய 24 பின் கனெக்டரில் பச்சை ஒயர் 16ஆவது பின். அதன் இருபுறமும் கறுப்பு ஒயர்கள் இருக்கும். மின்சாரத்தைத் துண்டித்த நிலையில் பச்சையையும் கறுப்பையும் கிளிப்பால் இணைத்துவிட்டுச் சுவிட்சைப் போட்டால், மதர்போர்டு கேட்காமலேயே எஸ்எம்பிஎஸ் ஓடத் தொடங்கும். விசிறி சுழல்வதைப் பார்த்ததும் எஸ்எம்பிஎஸ் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டுவதில்தான் பலரும் தவறுகிறார்கள். சுமை இல்லாதபோது 12 வோல்ட்டை ஒழுங்காகத் தருகிற எஸ்எம்பிஎஸ், பிராசஸர் மின்சாரத்தை இழுக்கத் தொடங்கிய கணமே சரிந்துவிடலாம். குறைந்த சுமையில் விசிறியை நிறுத்தி வைக்கும் வகைகளோ, நல்ல நிலையில் இருந்தும் செத்தவைபோலத் தோன்றும்.

மல்டிமீட்டரின் சிறப்பு, எதையும் கழற்றாமல் எஸ்எம்பிஎஸ்ஸும் மதர்போர்டும் தமக்குள் பரிமாறிக்கொள்வதை அளக்க முடிவதுதான். அதை 20 வோல்ட் டிசி அளவில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகத்தில் தொட்டு, சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் பின்புறம் ஒயர் நுழையும் இடத்தில் மெல்லச் செருக வேண்டும். கருநீல ஊதா ஒயரில், அதாவது 9ஆவது பின்னில், கணினி அணைந்திருக்கும்போதும் 4.75 முதல் 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அது இல்லையென்றால், சுவிட்சை அணைத்துக் கனெக்டரைக் கழற்றி, மீண்டும் சுவிட்சைப் போட்டு அளக்க வேண்டும். அப்போதும் வரவில்லையென்றால் கோளாறு எஸ்எம்பிஎஸ்ஸில், வந்துவிட்டால் மதர்போர்டிலோ அதில் செருகிய ஏதோ ஒன்றிலோ ஷார்ட் சர்க்யூட் இருக்கிறது. ஊதா சரியாக இருந்தால் அடுத்தது, எஸ்எம்பிஎஸ்ஸை ஓடச் சொல்லி மதர்போர்டு கேட்கும் பச்சை: பவர் பட்டனை அழுத்தியதும் அதன் வோல்ட்டேஜ் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கியும், மின்சாரம் சீராகிவிட்டது என்று எஸ்எம்பிஎஸ் தெரிவிக்கும் 8ஆவது பின்னான சாம்பல் ஒயரில் 5 வோல்ட் எழாவிட்டால், எஸ்எம்பிஎஸ்ஸால் சுமையைத் தாங்க முடியவில்லை அல்லது சுமையிலேயே ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

பச்சை இறங்கவே இல்லையென்றால் எஸ்எம்பிஎஸ்ஸை அதற்குமேல் சந்தேகிக்கத் தேவையில்லை. ஒருமுறை, மதர்போர்டு போய்விட்டது என்று ஒரு கடையில் சொல்லித் திருப்பி அனுப்பிய கணினியை அண்டை வீட்டார் என்னிடம் கொண்டுவந்தார். ஊதாவில் 5 வோல்ட் இருந்தது. பட்டனை எத்தனை முறை அழுத்தினாலும் பச்சை அசையவில்லை. பட்டனின் ஒயரை உருவிவிட்டு, மதர்போர்டில் அதற்கான இரண்டு பின்களையும் ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொட்டதும் கணினி உயிர்பெற்றது. தேய்ந்துபோன ஒரு பட்டனுக்காக அவர் புது மதர்போர்டு வாங்கவிருந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது. பேப்பர் கிளிப் மட்டும் கையில் இருந்திருந்தால், எஸ்எம்பிஎஸ் ஓடுகிறது, ஆகவே மதர்போர்டுதான் என்று நானும் சொல்லியிருக்கக்கூடும்.

விசிறிகள் சுழன்றும் திரையில் ஒன்றும் வராதது வேறு வகைக் கோளாறு. பிராசஸருக்கு அருகிலுள்ள 8 பின் 12 வோல்ட் கேபிள் மாட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, ஒரே ஒரு ராமை (நினைவக அட்டை) வைத்து முயல்வது அங்கே மல்டிமீட்டரைவிட விரைவாகப் பலன் தரும். டிடிஆர்5 என்ற வகை ராமைப் புதிதாகப் பொருத்தியிருந்தால் முதல் முறை திரை வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அவசரப்பட்டு அணைக்கக் கூடாது.

மாற்று எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்ப்பதே உண்மையான சுமையில் நடக்கும் சோதனை என்பதால், மூன்றிலும் தீர்க்கமான விடை தருவது அதுதான். கடைகளில் அலமாரி நிறைய உதிரிகள் இருப்பதால் அவர்களுக்கு அது எளிது. வீட்டில் இரண்டாவது எஸ்எம்பிஎஸ் யாரிடம் இருக்கிறது? கிடைத்தாலும், சந்தேகத்துக்குரிய மதர்போர்டில் நல்ல எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டலாமே தவிர, சந்தேகத்துக்குரிய எஸ்எம்பிஎஸ்ஸை நல்ல மதர்போர்டில் மாட்டக் கூடாது. பழுதான எஸ்எம்பிஎஸ் நல்ல போர்டையும் சேர்த்து எரித்துவிடக்கூடும். கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள வகையாக இருந்தால், பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றவே கூடாது: எஸ்எம்பிஎஸ் பக்க முனையில் பின்களின் வரிசை நிறுவனத்துக்கு நிறுவனம், சில சமயம் மாடலுக்கு மாடல்கூட மாறுவதால், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய், கணினியோடு ஹார்ட் டிஸ்கில் உள்ள படங்களும் ஆவணங்களும் அழிந்துபோக நேரலாம்.