எட்டு ஜிபி லேப்டாப்பும் நாலு எடிட்டிங் மென்பொருளும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அக்கா மகன் இந்த மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடிகாலை தொடங்கி உச்சி வெயில் வரை நின்று தீர்த்தவாரியைப் படம் பிடித்தான். இரவல் வாங்கிய சோனி இசட்.வி.-இ10 ஒன்று, கூடவே தன் போன். கிட்டத்தட்ட ரெண்டு மணி நேர ஃபுட்டேஜ். அதைப் பன்னிரண்டு நிமிட வீடியோவாக்கிக் கோயில் கமிட்டிக்குக் கொடுக்க வேண்டும். வீட்டில் புது லேப்டாப் இருந்தது. "எந்த எடிட்டிங் சாஃப்ட்வேரும் ஓடும் தம்பி" என்று கடையில் சொல்லித்தான் தலையில் கட்டினார்கள். ஓடத்தான் செய்தது. பல்லக்கில் வந்த சாமி டைம்லைனில் ஓர் அடி நகர்ந்தார், நின்றார், யோசித்தார், அப்புறம் அடுத்த அடி.

"மாமா, லேப்டாப்பை மாத்தணுமா, சாஃப்ட்வேரை மாத்தணுமா?" என்று போன் செய்தான்.

நான் வருடக்கணக்கில் கல்யாண வீடியோ மிக்சிங் செய்கிறவன். வாய்க்கு வந்ததைச் சொல்லாமல், அதே லேப்டாப்பில் அதே ஃபுட்டேஜை வைத்து ஒரு வாரம் நாலு மென்பொருளையும் ஓட்டிப் பார்த்தோம்: அடோபி பிரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ், எடியஸ், கேடென்லைவ்.

லேப்டாப்பின் ஜாதகம் இதுதான். இன்டெல் ஐ3-1215யு, ஆறு கோர். அதில் வேகமானவை ரெண்டு, மின்சாரம் மிச்சம் பிடிப்பவை நாலு. ஒரே துண்டாக 8 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் இந்த 8 ஜிபியிலிருந்துதான் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் தன் பங்கை எடுத்த பிறகு எடிட்டருக்கு மிஞ்சுவது பந்தியில் கடைசி வரிசைக்காரனுக்குக் கிடைப்பதுதான்.

மென்பொருளைக் குறை சொல்வதற்கு முன்னால் ஃபுட்டேஜைப் பார்க்க வேண்டும். கேமரா தந்தது 4கே, எச்.264 என்ற சுருக்க முறையில், விநாடிக்கு 100 மெகாபிட். எச்.264 கோப்பில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. இங்கொன்றும் அங்கொன்றும் முழுப் படம், நடுவில் இருப்பவை 'முன்னதிலிருந்து என்ன மாறியது' என்ற குறிப்பு மட்டும். டைம்லைனில் ஒரு இடத்தைத் தொட்டால், முந்தைய முழுப் படத்துக்குப் போய் அங்கிருந்து கணக்குப் போட்டுக்கொண்டே வரவேண்டும். இந்தக் கணக்கைப் போடுவதற்கென்றே இன்டெல் சிப்பில் குவிக் சிங்க் என்று ஒரு தனிப் பகுதி உண்டு. அதை யார் நன்றாக வேலை வாங்குகிறார்கள் என்பதில்தான் பாதி வித்தியாசம். மீதிப் பாதி, யார் பிராசஸரில் சாய்கிறார்கள், யார் கிராஃபிக்ஸில் சாய்கிறார்கள் என்பது. இந்த லேப்டாப்பில் பிராசஸர் சுமார், கிராஃபிக்ஸ் நோஞ்சான், ராம் பற்றாக்குறை.

முதலில் பிரீமியர். நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே ஆரம்பித்தது. குவிக் சிங்க்கை அது பயன்படுத்துவதால், ஒற்றை டிராக்கில் வெறும் வெட்டு ஒட்டு வேலையைக் கால்வாசி ரெசல்யூஷனில் பார்த்தபோது சாமி ஒழுங்காகவே வந்தார். கலர் போட்டு, மேலே தலைப்பு வைத்து, மேளத்தை இன்னொரு டிராக்கில் சேர்த்ததும் மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. அடோபியே குறைந்தபட்சம் 8 ஜிபி என்றுதான் சொல்கிறது, எச்டி வேலைக்கே 16 ஜிபியைப் பரிந்துரைக்கிறது. குறைந்தபட்சம் என்றால் திறக்கும் என்று அர்த்தம், அவ்வளவுதான். வேகத்துக்காக அது எழுதி வைக்கும் மீடியா கேஷ் கோப்புகள் சி டிரைவில் சத்தமில்லாமல் சேர்வது இன்னொரு தொல்லை. சந்தாவை விட்டால் வேறு வழியில் வாங்க முடியாது. வருடத்துக்கு நாலு திருவிழா வீடியோ செய்கிறவனுக்கு இது கட்டுப்படி ஆகாது. அதனால்தானே பாதிப் பேர் கிராக் பதிப்பைத் தேடிப் போகிறார்கள்! ஆள் யாரென்றே தெரியாத ஒருவன் திறந்து கொடுத்த நிரலை, அதுவும் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டு ஏற்றி, அதே மெஷினில் வங்கிக் கணக்கையும் திறக்கும் தைரியம் எனக்கு இல்லை.

பையனின் ஆசை முழுக்க டாவின்சி மேல்தான். இலவசம், 4கே வரை வெளியே எடுக்கலாம், வாட்டர்மார்க் கிடையாது, கலர் வேலையில் அதுதான் ராஜா. ராஜா என்றால் பரிவாரம் கேட்பார். இது ஏறக்குறைய எல்லாப் பட வேலையையும் கிராஃபிக்ஸின் தலையில் வைக்கிறது. நம்மிடம் நோஞ்சானாக இருப்பதும் அதுதான். எச்.264, எச்.265 கோப்புகளுக்கு வன்பொருள் உதவி முழுசாக வேண்டுமென்றால் 295 டாலர் கொடுத்து ஸ்டூடியோ பதிப்பு வாங்க வேண்டும். ஒரு முறை கொடுத்தால் போதும் என்பது ஆறுதல். இலவசப் பதிப்பில் நாங்கள் 4கே ஃபுட்டேஜை நேராகப் போட்டு எஃபெக்ட் வேலைக்கான ஃபியூஷன் பக்கத்தைத் திறந்தோம். ஜி.பி.யு. மெமரி, அதாவது கிராஃபிக்ஸின் பங்கு, நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்தது. அதோடு அன்றைய வேலை முடிந்தது.

இங்கே ஒரு கிளைக்கதை. 'லினக்ஸ் போடுங்க, லைட்டா இருக்கும்' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். டாவின்சியின் இலவசப் பதிப்பு லினக்ஸில் எச்.264 கோப்பையே திறக்காது. போனில் எடுத்ததையும் கேமராவில் எடுத்ததையும் வேறு வடிவத்துக்கு மாற்றித்தான் உள்ளே விட முடியும். இதைத் தெரிந்துகொள்ளாமல் ஹார்டு டிஸ்க்கை அழித்துவிட்டு வந்து உட்கார்ந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

எடியஸைப் பற்றி இணையத்தில் இளவட்டங்கள் பேசுவதே இல்லை. கடலூர், பாண்டி பக்கம் கல்யாண ஸ்டூடியோவுக்குள் நுழைந்தால் அதுதான் கண்ணில் படும். ஜப்பானில் கனோபஸ் கம்பெனி செய்தது, 2005-இல் கிராஸ் வேலி கைக்குப் போனது. அது பெரும்பாலும் பிராசஸரையும் குவிக் சிங்க்கையும் நம்பி ஓடுகிறது, கிராஃபிக்ஸ் கார்டைப் பெரிதாகக் கேட்பதில்லை. 'மிக்சிங் மெஷினுக்கு இன்டெல்தான் எடுக்கணும்' என்று எங்கள் தொழிலில் சொல்லிச் சொல்லி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சோதனைப் பதிப்பை ஏற்றினோம். நாலு பேரில் இதில்தான் டைம்லைன் மிக லேசாக நகர்ந்தது, ஏற்றுமதியும் (முடித்த வீடியோவை வெளியே எடுப்பது) முதலில் முடிந்தது. ஆனால் விலை இருக்கிறது. கற்றுக்கொடுக்கும் வீடியோக்களும் மற்றவற்றுக்கு இருக்கிற அளவு இல்லை. கலர் வேலையில் டாவின்சியின் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது.

கேடென்லைவ் முழுக்க இலவசம், திறந்த மூலம். எதையும் மறைத்து வைத்துக் காசு கேட்காது. ஒரு செட்டிங்கைத் தட்டிவிட்டால் பெரிய கோப்புகளுக்குத் தானே ப்ராக்ஸி, அதாவது லேசான சின்னப் பிரதி, செய்துகொள்ளும். எஃபெக்ட் வேலையெல்லாம் பிராசஸரில் நடப்பதால் ஏற்றுமதி நத்தை வேகம்தான். சாப்பிடப் போகும்போது போட்டுவிட வேண்டும். எங்களிடம் ரெண்டு தடவை மூடிக்கொண்டது, ரெண்டு தடவையும் தானாகச் சேமித்த பிரதி காப்பாற்றியது. தமிழ்த் தலைப்பில் கொம்பும் காலும் சரியான இடத்தில் வந்தது எனக்குப் பெரிய சந்தோஷம். டாவின்சியின் பழைய பதிப்பு ஒன்றில் 'தேவனாம்பட்டினம்' என்று அடித்து நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பிரீமியரில் தெற்காசிய எழுத்துக்கான டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். எதிலும் சரிவராவிட்டால், தலைப்பைப் பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் செய்து வைத்துவிடலாம். இந்தத் தொல்லைக்குப் பயந்துதான் பல ஸ்டூடியோக்கள் இன்னும் யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவை விடாமல் பிடித்திருக்கின்றன.

ஷாட்கட் என்ற இன்னொரு இலவச எடிட்டரையும் தொட்டுப் பார்த்தோம். கேடென்லைவுக்கு அடியில் இருக்கும் அதே எம்எல்டி எஞ்சின்தான், இன்னும் எளிமையான முகம். அவசர வேலைக்கு ஆகும்.

நிலைமையை உண்மையில் மாற்றியவை ரெண்டு விஷயங்கள். ஒன்று ப்ராக்ஸி. அசல் கோப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருக்கும் சின்னப் பிரதிகளில் வெட்டுவது, கடைசியில் அசலிலிருந்து வெளியே எடுப்பது. 100 மெகாபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. டிஎன்எக்ஸ்எச்டி 36 என்ற வடிவத்தில் (விநாடிக்கு 36 மெகாபிட்) ப்ராக்ஸியாக்கினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 16 ஜிபி. ராத்திரி சார்ஜரைச் செருகி ஓடவிட்டுத் தூங்கினால் காலையில் டைம்லைன் வெண்ணெய். போன் ஃபுட்டேஜுக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை: போன் ஃபிரேம் வேகத்தைக் கூட்டிக் குறைத்து எடுக்கும், அப்படியே போட்டால் நாதஸ்வரம் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம் போகும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிட்டுத்தான் உள்ளே எடுக்க வேண்டும்.

இன்னொன்று ராம். அடியில் திறந்து பார்த்தோம், ஒரு ஸ்லாட் காலி. இன்னொரு 8 ஜிபி போட்டதும் அளவு மட்டுமல்ல, ரெண்டு சேனலாக ஓடுவதால் கிராஃபிக்ஸுக்கும் உயிர் வந்தது. அதற்குப் பிறகு டாவின்சியில் ப்ராக்ஸியை வைத்து வெட்டவும், ஒரு அடுக்கு கலர் போடவும் முடிந்தது. ஃபியூஷன் பக்கம் மட்டும் போகக்கூடாது. பல மெல்லிய லேப்டாப்களில் ராம் போர்டோடு ஒட்டியே வருகிறது, ஸ்லாட் இருக்காது. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

என் கணக்கு இப்படி. 8 ஜிபியோடு நிற்கிறவருக்குக் கேடென்லைவ், கல்யாண வேலையில் சம்பாதிக்கத் தொடங்கியவருக்கு எடியஸ். 16 ஜிபி ஆனவர் டாவின்சியைத் தொடலாம், ஆனால் 45 சதவீத என்டிஎஸ்சி (ஸ்கிரீன் காட்டும் நிற எல்லையின் அளவு) என்று விற்கும் இந்த வெளுத்த ஸ்கிரீனில் கலர் பார்த்து முடிவு செய்யாமல், கடைசியில் ஒரு நல்ல டிவியில் போட்டுப் பார்க்க வேண்டும். பிரீமியர், வேலை கொடுக்கிறவர் பிரீமியர் ப்ராஜெக்ட்டாகவே அனுப்பினால் மட்டும்.

கமிட்டி வீடியோவை அவன் கேடென்லைவில் முடித்துக் கொடுத்துவிட்டான். வைகாசி முகூர்த்தங்களுக்குப் பாண்டியில் ஒரு ஸ்டூடியோ கூப்பிட்டிருக்கிறது. அங்கே எடியஸ். எடியஸில் வெட்டுக்கு 'சி' விசை, கேடென்லைவில் வேறு. கேடென்லைவின் வெட்டு விசையையும் 'சி'க்கு மாற்றி வைத்துக்கொண்டு, இப்போதே விரலைப் பழக்குகிறான்.