கேமராவை யார் பிடிப்பது: ஹவுஸ் சர்ஜனா, இயந்திரக் கையா?

லேப்ராஸ்கோபியில், அதாவது வயிற்றில் சின்னத் துளைகள் போட்டுக் கேமரா வழியாகப் பார்த்துச் செய்யும் அறுவையில், மருத்துவரின் இரண்டு கைகளும் கருவிகளில் இருக்கும். கண்ணான கேமரா மட்டும் வேறொருவர் கையில். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மாதிரியான இடத்தில் அந்தக் கை பயிற்சி மருத்துவரான ஹவுஸ் சர்ஜனுடையதாக இருக்கலாம். அரூர், ஊத்தங்கரைப் பக்கத்துச் சின்ன நர்சிங் ஹோமில் ராத்திரி குடல்வால் கேஸ் வந்தால் தியேட்டர் சிஸ்டர்தான் பிடிக்க வேண்டியிருக்கும். இந்தக் கைக்குப் பதில் இயந்திரக் கை வாங்கலாமா என்பது இரண்டு இடத்துக்கும் ஒரே கேள்வி அல்ல.

மனிதக் கையின் குறை எல்லோருக்கும் தெரியும். நேரம் ஆக ஆகத் தளரும், மானிட்டரில் படம் ஆடும், சாயும். ஆனால் லென்ஸில் ரத்தம் தெறித்தால், யாரும் சொல்லாமலே கேமரா மாட்டிய குழாயான ஸ்கோப்பை வெளியே எடுத்து, சூடான சலைனில் (உப்புக் கரைசல்) முக்கி, துடைத்து, அதே இடத்துக்குத் திரும்ப வருவதும் இந்தக் கைதான். "கொஞ்சம் உள்ள வாங்க சிஸ்டர்" என்றால் அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று அதற்குத் தெரியும்.

குரலுக்குக் கட்டுப்படும் இயந்திரம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஈசாப். கலிஃபோர்னியாவின் கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனத் தயாரிப்பு. 1994-இல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. குரல் கட்டுப்பாடு பின்னால் வந்தது. மருத்துவர் தன் குரலை முன்கூட்டியே பதிந்து வைக்க வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கிருஷ்ணகிரி தியேட்டரில் மயக்க மருத்துவரிடம் ஆங்கிலம், சிஸ்டரிடம் தமிழ், ஓசூர்ப் பக்கம் என்றால் நடுவில் தெலுங்கும் கன்னடமும். இதற்கிடையில் இயந்திரத்துக்கென்று தனியாக ஒரு கட்டளை மொழி! 2003-இல் கம்ப்யூட்டர் மோஷன், டாவின்சி என்ற அறுவை ரோபோவைத் தயாரிக்கும் இன்ட்யூட்டிவ் நிறுவனத்தோடு இணைந்தது. ஈசாப் அதோடு ஓரங்கட்டப்பட்டது. வாங்கி வைத்திருந்தவர்களுக்கு அப்புறம் உதிரி பாகம்தான் கவலை. (டாவின்சியில் மருத்துவரே கன்சோலில் பெடலை அழுத்திக் கேமராவை நகர்த்திக்கொள்வார். அது கோடிக் கணக்கு. இந்த அலசலில் சேராது.)

பிரான்சின் விக்கி வேறு வகை. வளையம் போல நோயாளியின் வயிற்றின் மேலேயே உட்காரும், இடத்தை அடைக்காது. குரலாலும் இயக்கலாம், பெடலாலும் இயக்கலாம். மெலிந்த உடம்பில் மற்றப் போர்ட்டுகளோடு (கருவிகள் நுழையும் துளைக் குழாய்கள்) அது இடிக்குமா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் பிடித்தது பிரிட்டனின் ஃப்ரீஹேண்ட். எண்டோஅசிஸ்ட் என்ற பழைய கருவியின் வாரிசு. தலையில் ஒரு சின்ன அகச்சிவப்புக் கருவி. எந்தப் பக்கம் தலையைத் திருப்புகிறோமோ அந்தத் திசைக்கான அம்புக்குறி ஒளிரும். பெடலை மிதித்தால்தான் கேமரா நகரும், காலை எடுத்தால் நின்றுவிடும். தும்மினாலும் திரும்பிப் பேசினாலும் ஆபத்தில்லை. குறையும் உண்டு. திசுவைச் சுட்டு ரத்தத்தை நிறுத்தும் காட்டரியின் பெடல்களுக்குப் பக்கத்தில் இன்னொரு பெடல், கால் தடுமாறும். நுனி சாய்ந்து பக்கவாட்டில் பார்க்கும் முப்பது டிகிரி ஸ்கோப்பைச் சுழற்றுவதும் கையால்தான்.

ஜெர்மனியின் சோலோஅசிஸ்டில் கருவியின் கைப்பிடியிலேயே சின்ன ஜாய்ஸ்டிக். காலுக்கு வேலை இல்லை, ஆனால் தையல் போடும்போது விரலுக்கு இரட்டை வேலை.

மோட்டாரே இல்லாத, மேஜையில் மாட்டும் இரும்புக் கையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. காட்சி அதிகம் மாறாத வேலைக்கு அதுவே போதும். நகர்த்த வேண்டுமென்றால் மருத்துவர் கருவியை விட்டுவிட்டுக் கையால் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான். கெட்டுப்போக அதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

கல்லூரி மருத்துவமனைக்கு இவற்றில் எதுவும் வேண்டாம் என்பேன். கேமரா பிடித்துத்தான் ஒரு ஹவுஸ் சர்ஜன் உடலுக்குள் பார்க்கக் கற்கிறார். அந்த இடத்தை இயந்திரத்துக்குக் கொடுத்தால் நாளைக்கு யார் அறுவை செய்வது? ஒற்றை மருத்துவர் நடத்தும் நர்சிங் ஹோம் முதலில் இரும்புக் கையை வாங்கிப் பழகலாம். பித்தப்பையும் ஹெர்னியாவும் தினமும் நடக்கிற இடமாக இருந்தால் ஃப்ரீஹேண்ட் மாதிரிக்குப் போகலாம். அதற்கு முன் பழுது பார்க்க ஆள் பெங்களூரிலிருந்து வருவாரா, இல்லை மும்பையிலிருந்தா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். டெமோவில் கேமரா வழுக்கிக்கொண்டு நகர்வதைக் காட்டுவார்கள். அதை விடுங்கள். ஸ்கோப்பைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டி, அதே காட்சிக்கு வரச் சொல்லுங்கள். நேரத்தைச் சிஸ்டர் பார்க்கட்டும்.